கொலுசா, சலங்கையா, சாவிக்கொத்தா? கேப்ஷனில் உலோக ஒலி எழுதப் புதிதாக வருவோருக்கு

திரையில் யாரும் இல்லை. பக்கத்து அறையில் கொலுசு நடக்கிறது. காது கேளாத பார்வையாளருக்கு அதைச் சொல்ல உங்களுக்கு ஒரே ஒரு வரி இருக்கிறது. "[இசை]" என்று போட்டுவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு. "[கலகல]" என்று எழுதி, பார்ப்பவரை யாரோ சிரிக்கிறார்கள் என்று நம்ப வைத்தவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. இரண்டாவது கொஞ்சம் பெரிய தவறு, ஏனென்றால் அது இல்லாத ஆளை அறைக்குள் கொண்டுவருகிறது.

திரையரங்கில் காட்டப்படும் படங்களுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. செவித்திறன் குறைந்தோருக்கான கேப்ஷன், அதாவது வசனத்தோடு ஒலிகளையும் திரையில் எழுத்தாகக் காட்டுவது, அதில் வருகிறது. குறும்படம், பெரிய படம் எதுவானாலும் வசனத்தை எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒலியை அடைப்புக்குறிக்குள் சொல்லும் ஒலி வரியில்தான் தடுமாறுகிறார்கள். அதிலும் மணி, கொலுசு, வளையல், சில்லறை என்று மெல்லிய உலோக ஒலிகள் வந்தால் கையில் இருப்பது இரண்டே சொற்கள். தமிழில் அவ்வளவு பஞ்சம் இல்லை.

1. வேலை தொடங்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

படத்தின் இறுதி வெட்டு, அதாவது படத்தொகுப்பும் ஒலிச்சேர்ப்பும் முடிந்த பிரதி. "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று தரப்படும் கோப்பில் ஒலி வரி எழுதாதீர்கள். பின்னணி ஒலிகளைச் சேர்ப்பது பெரும்பாலும் கடைசி வேலை. முந்தைய வெட்டில் மௌனமாக இருந்த இடத்தில் பின்னால் கோயில் மணி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒலிக்கலவை செய்தவரிடம் இருக்கும் விளைவொலி (சவுண்ட் எஃபெக்ட்) பட்டியல். இது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் சாவிக்கொத்து என்று நினைத்தது வளையலாக இருக்கும், அது பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பட்டியல் இல்லை என்றால் சந்தேகமான இடங்களின் நேரக் குறிப்பை மட்டும் எழுதி அனுப்பி, ஒரே தவணையில் கேட்டுவிடுங்கள். ஐந்து முறை போன் செய்தால் ஆறாவது முறை எடுக்க மாட்டார்கள்.

தயாரிப்பாளரோ தளமோ வைத்திருக்கும் நடைத்தாள். அடைப்புக்குறி சதுரமா வளைவா, ஒரு வரியில் எத்தனை எழுத்து, கிரந்த எழுத்து உண்டா இல்லையா என்பவை அதில் இருக்கும். நடைத்தாள் சொல்வதும் இந்தக் கட்டுரை சொல்வதும் மோதினால் நடைத்தாள்தான் செல்லும்.

கேப்ஷன் எழுதும் மென்பொருளுக்குச் செலவில்லை. சப்டைட்டில் எடிட், ஏஜிசப் இரண்டும் இலவசம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதன் அச்சுப் பிரதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் செலவழிக்க வேண்டியது காதை மூடி அமரும் ஹெட்போனுக்கு. மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கொலுசும் மழையும் ஒன்றுபோலக் கேட்கும்.

2. ஒலியை விடுங்கள், பொருளைப் பிடியுங்கள்

பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்கு "கணீர்" என்பது படித்துத் தெரிந்துகொண்ட சொல் மட்டும். வளர்ந்த பிறகு செவித்திறன் குறைந்தவருக்கு அதுவே நினைவில் இருக்கும் ஒலி. இரண்டு பேரும் உங்கள் வரியைப் படிக்கப் போகிறார்கள். அதனால் பொருளின் பெயர் கட்டாயம், ஒலிச்சொல் கூடுதல். "[கொலுசொலி]" என்று மட்டும் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. "[கலீர்]" என்று மட்டும் எழுதினால் எல்லோரும் சொல்வார்கள்.

இன்னொன்று, எல்லா ஒலிக்கும் வரி தேவையில்லை. நாயகி வளையல் குலுங்கக் கையசைப்பது திரையிலேயே தெரிகிறது, கதைக்கும் அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள். எழுத வேண்டியது மூன்று வகை: ஒலிக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத ஒலி, யாராவது திரும்பிப் பார்க்கும் ஒலி, சட்டென்று நின்றுபோகும் ஒலி. கடைசி வகையைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பேய்ப்படத்தில் சலங்கை ஒலிப்பதைவிட நிற்பதுதான் பயம்.

3. கண்ணை மூடி மூன்று கேள்வி

ஒன்றா, பலவா? சிறிதா, பெரிதா? அடித்ததும் செத்துவிடுகிறதா, இழுத்துக்கொண்டு நிற்கிறதா?

காது தடுமாறினால் மென்பொருளில் ஒலி அலைவரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நன்றாக அதிரும் ஒற்றை மணி, ஆப்பு போலத் தெரியும்: செங்குத்தாக ஏறி, வலப்பக்கம் மெல்லச் சரியும். கையால் பொத்தப்பட்ட உலோகம் ஒற்றை ஊசி. சலங்கையும் சில்லறையும் நெருக்கமான ஊசிக்கூட்டம். இந்த மூன்று வடிவமும் பழகிவிட்டால் அடுத்த படியில் சொல் தானாக வரும்.

வீட்டில் ஒரு பயிற்சி செய்யலாம், பத்து நிமிடம் போதும். எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்துக் கரண்டியால் தட்டுங்கள்: டிங். விளிம்பை விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்: டக். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தட்டுங்கள்: சுருதி இறங்கி டிங் மெல்ல டங் ஆகும். அதே டம்ளர், அதே கரண்டி. மாறிய இடம் எழுத்திலும் மாறுகிறது, கவனித்தீர்களா?

4. சொல்லின் உறுப்புகள்

ஒலிச்சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டாம், பிரித்துப் பாருங்கள். முதல் உயிர், நடு மெய், வால் என்று மூன்று இடம்.

முதல் உயிர் பொருளின் அளவைச் சொல்லும். இகரம் சிறியது, மெல்லியது: கிணுகிணு, டிங், கிணிங். அகரம் நடுத்தரம்: கணகண, கலகல, ஜல். ஆகாரமும் ஒகரமும் பெரியது அல்லது உள்ளே வெற்றிடம் உள்ளது: டாண், டொங். பூஜையறைக் கைமணி கிணுகிணு, பள்ளிக்கூட மணி கணகண, கோயில் மணி டாண். உயிரெழுத்தை மாற்ற மாற்ற மணியும் பெரிதாகிறது.

நடு மெய் எத்தனை பொருள் என்பதைச் சொல்லும். ணகரம் வந்தால் ஓர் உலோகம் அடிபட்டு அதிர்கிறது. லகரம் வந்தால் பல துண்டுகள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன. அதனால்தான் ஒற்றை மணிக்குக் கிணுகிணுவும் வளையல்களுக்குக் கலகலவும். மாற்றிப் போட்டுப் பாருங்கள்: "ஒற்றை மணி கலகலக்கிறது" என்பது படிக்கும்போதே பொருந்தாமல் இடறும்.

வால்தான் முக்கியம், பெரும்பாலோர் கோட்டை விடுவதும் அங்கேதான். ங் என்று முடிந்தால் அதிர்வு தொங்கி நிற்கிறது: டிங், கிணிங், ணங். நெடிலோடு ர் வந்தால் ஒலி விரிந்து பரவுகிறது: கணீர், கலீர். க், ட் என்று முடிந்தால் ஒலி பொத்தப்பட்டுவிட்டது: டக், களுக். ல் என்று முடிந்தால் கொத்தாக விழுந்து உடனே அடங்குகிறது: ஜல். சலங்கை ஜல் என்று ஒலிப்பதற்கும் ஜங் என்று ஒலிக்காததற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு மணியும் கீறல் விட்ட சிறு குமிழ், உள்ளே ஒரு குண்டு. தோலிலோ துணியிலோ இறுக்கித் தைத்திருப்பதால் நீண்டு அதிர வழியில்லை. தொங்கவிட்ட கோயில் மணியைத் தடுக்க யாரும் இல்லை, அதனால் கணீர் என்று ரகரத்தில் நீளுகிறது.

5. எந்தப் பொருளுக்கு எது

மணி வைத்த கொலுசு, ஒரே அடி எடுத்து வைத்தால் கலீர், தொடர்ந்து நடந்தால் ஜல் ஜல். மணியில்லாத சங்கிலிக் கொலுசுக்கு ஒலிச்சொல்லே வேண்டாம், "[மெல்லிய கொலுசொலி]" போதும். சலங்கை, தாளத்துக்கு அடி வைக்கும்போது ஜல் ஜல். பாதத்தை நடுக்கும்போது ஜலஜல. கொலுசையும் சலங்கையையும் குழப்பினால் கதை மாறிவிடும். முதலாவது வீட்டில் நடக்கும் பெண், இரண்டாவது ஆட வருபவர். சிலம்பு வேறு ஒன்று: உள்ளீடற்ற வளையம், உள்ளே பரல். அது உருளும் ஒலி, மணியொலி அல்ல. "சிலம்பு ஒலிக்கிறது" என்று எழுதினாலே போதும், சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தான்.

கண்ணாடி வளையல் உலோகம் இல்லை, ஆனாலும் கலகல அதற்கும் பொருந்தும். தங்க வளையல் இரண்டு மோதினால் கிணிங். சாவிக்கொத்துக்கு வினையே போதும்: "[சாவிக்கொத்து குலுங்குகிறது]".

நாணயம் கொஞ்சம் வேலை வாங்கும். தரையில் விழும் ஒற்றை நாணயம் டிங் என்று தொடங்கி, சுழன்று, வேகமாகித் தட்டி அடங்கும். அதை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்காமல் "[நாணயம் விழுந்து சுழன்று நிற்கிறது]" என்று எழுதுங்கள். பூவா தலையா காட்சியில் அந்தச் சுழற்சிதான் காட்சியே. பைக்குள் சில்லறை என்றால் கலகல. தகர உண்டியலில் விழுந்தால் ணங்: நாணயத்தைவிடத் தகரம்தான் அதிகம் ஒலிக்கிறது.

சைக்கிள் மணி, சோன்பப்டி வண்டி மணி இரண்டுக்கும் கிணிங் கிணிங் பொருந்தும் என்பதால் பொருளின் பெயர் இல்லாமல் எழுதவே கூடாது. இரவுத் தெருவில் மணி கேட்கிறது என்றால் சோன்பப்டியா, சைக்கிளில் வரும் ஆளா என்பதுதானே பார்வையாளர் கேட்பது. மாட்டு வண்டிக்கு ஜல் ஜல். மேயும் ஆட்டின் கழுத்து மணிக்குக் கிணுகிணு, விட்டுவிட்டு. பஜனை ஜால்ராவுக்கு ஜிங் ஜிங்.

6. ஏமாற்றும் சொற்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒலிச்சொற்கள் பலவற்றுக்கு வேறு பொருளும் உண்டு. தனியாக நிற்கும்போது அந்த வேறு பொருள் முந்திக்கொள்ளும்.

கலகல: சிரிப்பு முதலில் வரும், வளையல் பிறகுதான். வினையாக்கினால் இன்னும் ஆபத்து. "வளையல்கள் கலகலக்கின்றன" சரி. "கலகலத்துப் போயின" என்றால் கட்டுவிட்டுச் சிதைந்துபோயின என்று பொருள். "கலகலப்பு" என்றால் ஆள் கூட்டமும் உற்சாகமும்.

கணகண: மணிக்கும் உண்டு, காய்ச்சலுக்கும் உண்டு, தணலுக்கும் உண்டு. நோயாளி படுத்திருக்கும் காட்சியில் "[கணகணவென]" என்று தொங்கவிட்டால் உடம்பு கொதிக்கிறது என்றுதான் படிப்பார்கள்.

சில்: குளிர்ச்சி. மணிக்கு வேண்டாம். சிலீரும் அப்படியே.

சலசல: ஓடை, இலை, கூட்டத்தின் பேச்சு. சலங்கைக்கும் சலசலவுக்கும் எழுத்தில் இருக்கும் நெருக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

கிலுகிலு: கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காய்க்குள் விதை உருளும் ஒலி, குழந்தையின் கிலுகிலுப்பை ஒலி. உலோகத்துக்கு எழுதினால் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

கிண்: இறுக்கம், கெட்டி. விண்: தெறிக்கும் வலி. இரண்டும் தனிச்சொல்லாக மணிக்கு ஆகாது.

சிணுங்கு: வாரப் பத்திரிகைக் கதைகளில் செல்பேசி எப்போதும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். கேப்ஷனில் எழுதினால் குழந்தை அழுகிறதோ என்று தேடுவார்கள். கொலுசு சிணுங்குகிறது என்பது கவிதைக்கு அழகு, இங்கே கருத்துத் திணிப்பு. ஒலியைச் சொல்லுங்கள், அதன் மனநிலையை அல்ல.

சந்தேகம் வந்தால் அகராதி. ஒரு நுணுக்கம்: தமிழ் லெக்சிகனில் இவ்வகைச் சொற்கள் பெரும்பாலும் "எனல்" ஒட்டோடு தலைச்சொல்லாக இருக்கும். கலகல என்று தேடி வேண்டிய பொருள் கிடைக்கவில்லை என்றால் கலகலெனல் என்று தேடுங்கள். வினைவடிவத்துக்குக் கலகலத்தல் என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பொருள்களில் உலோகம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். ஆனால் பழைய பொருள் மட்டும் இருந்து இன்று யாரும் சொல்லாத சொல் என்றால் தொடாதீர்கள். உங்கள் வரியைப் படிப்பவர் கையில் அகராதி இருக்காது.

7. சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா

பள்ளியில் படித்த இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் இங்கே உண்மையாகவே பயன்படுகின்றன. பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி, சேர்த்து எழுத வேண்டும்: கிணுகிணு, கலகல, ஜலஜல. தனியாகவும் நிற்கக்கூடியது அடுக்கு, இடைவெளி விடலாம்: டிங் டிங், ஜல் ஜல், கிணிங் கிணிங். கேப்ஷனில் இந்த இடைவெளிக்கே பொருள் உண்டு. "டிங் டிங்" என்றால் இரண்டு அடி. "கிணுகிணு" என்றால் எண்ண முடியாத தொடர் ஒலி. மணி மூன்று முறைதான் அடிக்கிறது, கதைக்கு அந்த மூன்று முக்கியம் என்றால் எண்ணிக்கையை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்: "[மணி மூன்று முறை அடிக்கிறது]". டிங் டிங் டிங் டிங் டிங் என்று அடுக்க வேண்டாம். நான்குக்கு மேல் அடுக்க நன்னூலும் இடம் தரவில்லை, திரையும் தராது.

ஒற்றுப் பிழைகள் நான்கு இடத்தில் வரும். இரட்டைக்கிளவிக்கு நடுவில் வல்லினம் மிகாது: கலகல, கலக்கல அல்ல. "என" வந்தால் அடுத்து மிகும்: கணீரெனக் கேட்கிறது. "என்று" வந்தால் மிகாது: கணீரென்று கேட்கிறது. கடைசியாக, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கும்: ஜல்லென்று. உயிரில் முடிந்தால் வகரம் ஏறும்: கலகலவென்று, கிணுகிணுவென்று.

டகரமும் ணகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராதே என்பவர்களுக்கு: ஒலியைப் போலச் செய்யும் சொல்லில் வழக்கு அதை அனுமதித்துவிட்டது. "இடிங்" என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். ஜல் விஷயத்தில் மட்டும் நடைத்தாளைப் பாருங்கள். கிரந்தம் கூடாது என்றால் "சல்" என்று மாற்றாதீர்கள், அது வேறு ஒலி. ஒலிச்சொல்லைக் கைவிட்டு "[சலங்கை ஒலி]" என்று எழுதிவிடுங்கள்.

8. நேரம்

ஒலி தொடங்கும் அதே கணத்தில் வரி தொடங்க வேண்டும். வசனத்துக்குச் சிறிது முந்தினால் மன்னிப்பு உண்டு, ஒலிக்குக் கிடையாது. கதவுக்குப் பின்னால் கொலுசு கேட்கப் போகிறது என்பதை அரை விநாடி முன்னால் சொன்னால் இயக்குநரின் திடுக்கிடலை நீங்கள் திருடிவிட்டீர்கள்.

ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஏழு விநாடிக்கு மேல் போகாமலும் வரி நிற்கட்டும். கோயில் மணியின் அதிர்வு எட்டு விநாடி நீண்டாலும் வரிக்கு இரண்டு விநாடி போதும். தொடர்ந்து ஒலிப்பதைத் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லுங்கள், நிற்கும்போது "[சலங்கை நிற்கிறது]" என்று இன்னொருமுறை. நடுவில் நச்சரிக்க வேண்டாம். வசனத்தோடு மோதினால் ஒலி வரி மேலே, வசனம் கீழே. மொத்தம் இரண்டு வரிக்குமேல் போனால் ஒலிச்சொல்லை வெட்டுங்கள், பொருளின் பெயரை அல்ல.

கோப்பின் சட்ட வேகத்தை (ஃப்ரேம் ரேட்) முதலிலேயே சரிபாருங்கள். விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படத்துக்கு எழுதிய வரியை 25 சட்டத்துக்கு வேகப்படுத்திய பிரதியில் ஏற்றினால், 20 நிமிடம் முடியும்போது 48 விநாடி விலகியிருக்கும். முதல் நிமிடத்தில் இரண்டரை விநாடிதான், அதனால் தொடக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஏதோ சிறு பிசகு என்று தோன்றும்.

20 நிமிடக் குறும்படத்துக்கு ஒலி வரிகளுக்கு மட்டும் மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். வசன வேலையோடு சேர்த்துச் செய்யாமல் தனிச் சுற்றாகக் கேட்பது நல்லது. வசனத்தைப் பின்தொடரும் காது வளையலைக் கேட்காது.

9. எழுத்து எண்ணிக்கையும் கோப்பும்

நடைத்தாள் வரிக்கு இத்தனை எழுத்து என்று சொல்லும். மென்பொருள் எண்ணுவது நம் கண் எண்ணுவதல்ல. கிணுகிணு என்பது நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் எட்டு, ஏனென்றால் ஒவ்வொரு உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் கணக்கு. கணீர் நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. கலகல மட்டும் இரண்டு பேருக்கும் நான்கு. வரம்பை மீறியதாக எச்சரிக்கை வந்தால், எந்தக் கணக்குப்படி என்று கேட்காமல் வரியைச் சுருக்கத் தொடங்காதீர்கள்.

கேப்ஷனைச் சேமிக்கும் எஸ்ஆர்டி கோப்பில் நேரம் 00:12:04,200 என்ற வடிவில் இருக்கும். மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி, புள்ளி அல்ல. சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கமாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். சாய்வெழுத்து வேண்டாம், சாய்த்தால் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகலாம். அப்புறம் கணீர் எது, கனி எது?

முடிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை முழுப்படத்தையும் பாருங்கள். ஆனால் அது போதாது. உங்களுக்கு ஏற்கெனவே ஒலி தெரியும். செவித்திறன் குறைந்த ஒருவரிடம் காட்டி, ஒவ்வொரு ஒலி வரிக்கும் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குப் புரிந்தது என்பார்கள். பார்த்துத் தருபவருக்குக் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே தயாரிப்பாளரிடம் சொல்லிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

10. பணம்

பெரும்பாலும் படத்தின் ஓட்ட நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஒலி வரிகள் அந்தத் தொகைக்குள் அடங்குமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். வசனம் குறைவான படத்தில்தான் ஒலி வரி அதிகம், "வசனமே இல்லையே" என்று பாதிக் கூலி பேசுவதும் அங்கேதான். எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதையும் குறியுங்கள், இரண்டு நியாயம். புதிய வெட்டு வந்தால் நேரம் முழுவதையும் நகர்த்த வேண்டியிருக்கும், அது திருத்தம் அல்ல, மறுவேலை. வருமான வரிப் பிடித்தம் (டிடிஎஸ்) போகப் பணம் வந்தால் பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, பான் எண் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.